ஆறு கச்சேரி, ஒரு தலையாட்டல்

7 நவம்பர் 2024, வியாழன்

இந்தப் பெங்களூரில் யாருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை. பஸ் கண்டக்டர் முணுமுணுக்கிறான். பாதிரியார் மைக்கை வைத்துக்கொண்டே முணுமுணுக்கிறார். என் பெண்டாட்டி கேத்தரின் முப்பத்திரண்டு வருஷம் பிரேசர் டவுனில் எல்.கே.ஜி. பிள்ளைகளைக் கத்தி மேய்த்தவள். ரிடையர் ஆன நாளிலிருந்து பால்காரனுக்குக் கொடுக்கிற சத்தத்தைக்கூட எனக்குக் கொடுப்பதில்லை. "என்ன?" என்று இரண்டு தடவை கேட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறாள். அதனால் இப்போதெல்லாம் நான் கேட்பதே இல்லை. தலையை ஆட்டிவிடுகிறேன். வீடு அமைதியாக இருக்கிறது.

என் காதைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது. பீன்யாவில் எங்கள் பட்டறையிலிருந்து ஒரு கியர்பாக்ஸ் வெளியே போக வேண்டுமானால் இந்தக் காதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓடுகிற பெட்டியின் மேல் இரும்புக் கம்பியின் ஒரு முனை, காதுக்குப் பின்னால் எலும்பில் மறுமுனை. இன்றைக்கும் ஒன்றை நிறுத்தி வைத்தேன். ஃபோர்மன் முனிகிருஷ்ணன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிரித்தால், பேரிங்கில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. மனுஷர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாளை மறுநாள் இரண்டாம் சனி. மறுபடி அந்தக் கடலோர ஹால். கேத்தரினின் பிரிவு உபசாரத்தில், பழைய மாணவி ஒருத்தியின் அப்பா கொடுத்த பரிசு. அக்டோபரிலிருந்து மார்ச் வரை மாதம் ஒரு கச்சேரி, இருவருக்குப் பாஸ். ஹால் இருப்பது மங்களூரையும் தாண்டி. இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு ஒன்பது மணி நேர ரயில். இவளுக்கு சினிமாப் பாட்டே இரண்டு வரிக்கு மேல் தெரியாது. போன மாதம் "பாஸை யாருக்காவது கொடுத்துடலாமா?" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கு?

10 நவம்பர், ஞாயிறு, திரும்பும் ரயிலில்

ஹால் அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். எண்பது நாற்காலி. மேடைக்குப் பின்னால் சுவர் கிடையாது, முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் பாறை, கடல், அஸ்தமனம். செருப்பை வெளியே விட்டுவிட்டு மரத்தரையில் நடக்க வேண்டும். மைக் வைப்பதில்லை, அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. நேற்று செல்லோ, அந்தப் பெரிய வயலின், வாசித்தார்கள். எனக்கு வரிசை ஓரத்தில், மரத்தூணை ஒட்டிய இடம். அலுப்பில் தூணில் தலையைச் சாய்த்தேன். என்ன ஒரு சத்தம்! அந்தக் கம்பிகள் என் மண்டைக்குள்ளேயே கட்டியிருப்பதுபோல ஒவ்வொரு இழுப்பும் சுத்தமாகக் கேட்டது. என்னைச் செவிடு என்று சொல்கிறவன் (இதுவரை யாரும் சொல்லவில்லை) அந்தத் தூணடியில் வந்து உட்காரட்டும்.

ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

முடிந்ததும் வராந்தாவில் நின்றோம். கேத்தரின் கடலைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷம் பேசியிருப்பாள். நடுவில் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். கேள்விதான், புருவத்தைப் பார்த்தால் தெரிகிறதே. நான் ஒரு வார்த்தையும் பிடிக்கவில்லை. அலைச்சத்தம், அவளும் வழக்கம்போல முணுமுணுப்பு. அத்தனை பேருக்கு நடுவில் "என்ன?" என்று கத்துவதா? சிரித்தபடி தலையாட்டினேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

எதற்குத் தலையாட்டினேன்?

11 நவம்பர், திங்கள்

காலையில் டீயை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கூப்பிடவில்லை.

17 நவம்பர், ஞாயிறு

பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கேட்டிருப்பாளோ? அதற்கு யாராவது அழுவார்களா? வேளாங்கண்ணியா? அதற்கு இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு?

கேட்டுவிடலாம். கேட்டால், "அன்னைக்கு சரின்னு சொன்னீங்களே" என்பாள். அப்புறம் நான் என்ன சொல்ல? ஒரு வாரம் ஆகிவிட்டது. அன்றைக்கே கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வெட்கத்தோடு முடிந்திருக்கும்.

24 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது மச்சினன் கிறிஸ்டோபர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். காதருகே குனிந்து பேசினான், அதனால் கேட்டது. "உங்களுக்குப் பெரிய மனசு மாமா. வேற ஆளா இருந்தா ஊரையே ரெண்டு பண்ணியிருப்பாங்க." கண் கலங்கியிருந்தது.

நான் அடக்கமாகச் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

என்ன பெரிய மனசு? வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டுப் பத்திரத்தைத் தேடினேன். இருக்கிறது. நகை இருக்கிறது. என் சர்வீஸ் புத்தகம்கூட இருக்கிறது. வீட்டில் ஒன்றும் குறையவில்லை. அப்படியானால் நான் எதைக் கொடுத்துவிட்டேன்?

3 டிசம்பர், செவ்வாய்



பட்டறையில் பாரம் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் என் பின்னால் வந்திருக்கிறது. ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததாம். முனிகிருஷ்ணன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இன்றைக்கு இதை எழுத ஆளில்லை. அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"கூப்ட்டுக்கினே இருக்கேன் சார், காதுல விழலியா?"

"நீங்க மெதுவா பேசினா எப்படி விழும்?" என்று எரிந்து விழுந்தேன். அவர் என் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, கேத்தரின் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ரேடியோவை வைத்துப் பார்த்தேன். காதால் கேட்டால் பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல. பட்டறைக் கம்பியை அதன் முதுகில் வைத்து எலும்பில் அழுத்தினால் செய்தி வாசிக்கிற பெண் மூச்சு வாங்குவதுகூடத் தெரிகிறது. நாலு தடவை செய்தேன். நாலு தடவையும் அப்படித்தான். அப்படியென்றால் என் காது நல்ல காதா, கெட்ட காதா? குழம்பிப் போயிருக்கிறேன்.

அப்பா ஞாபகம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் வருகிறது. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை துளைக்கிற மெஷினைப் பிடித்துப் பிடித்து நாற்பத்தைந்து வயதில் அவருக்குக் காது போய்விட்டது. தெருமுனைவரை கேட்கிற மாதிரி கத்துவார். சாப்பாட்டு நேரத்தில் அவர் எதிரிலேயே உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுவோம். அதிகம் சிரித்தது நான்தான். கடைசி ஆறேழு வருஷம் அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, சாப்பிடக் கூப்பிட்டதைத் தவிர. நான் கத்துவதில்லை. நான் அவர் மாதிரி இல்லை. இல்லவே இல்லை.

15 டிசம்பர், ஞாயிறு, ரயிலில்

மூன்றாவது கச்சேரி. தூணடியில் வேறு யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு நடுவில் இடம். ஒரு பெண் தனியாகப் பாடினாள். வாய் திறந்தது, மூடியது. கடல் சிவந்தது. எனக்குப் பெரிதாக ஒன்றும் வந்து சேரவில்லை.

பாட்டு முடிந்ததும் கைதட்டக் கூடாது, பாடுகிறவள் தலைநிமிர்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். வாய் மூடியது, முடிந்தது என்று நினைத்தேன். தட்டினேன். நான் மட்டும். மூச்சு விட நிறுத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். எண்பது தலையும் என் பக்கம் திரும்பியது. பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது.

கேத்தரின் என் கைமேல் கை வைத்தாள். முகத்தை என் முகத்துக்கு அருகில் கொண்டுவந்து மெதுவாக ஏதோ கேட்டாள். மறுபடி கேள்வி. மறுபடி அந்தப் புருவம். நான் - ஐயோ, என்ன ஜென்மம் நான் - தலையாட்டினேன்.

அவள் கையைச் சுட்டதுபோல் எடுத்துக்கொண்டாள். இப்போது எதிரில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். சக்லேஷ்பூர் தாண்டியாயிற்று.

20 டிசம்பர், வெள்ளி

கரண்ட் பில் தேடும்போது அவள் பைபிளுக்குள் ரயில் டிக்கெட். பெங்களூர் - புனே. ஜனவரி 14. பயணி ஒருவர். கேத்தரின், 58, பெண். திரும்பி வர டிக்கெட் இல்லை.

தர்ஷினி புனேயில்தான் இருக்கிறாள். எங்கள் ஒரே மகள். பிப்ரவரியில் பிரசவம். இரண்டு பேருமாகப் போவோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தப் பெரிய பெட்டி. கிறிஸ்டோபரின் கண்ணீர். "பெரிய மனசு."

பிரசவம் பார்க்க மூன்று மாதம் போய்வருகிறவளுக்காக யாரும் அழமாட்டார்கள்.

21 டிசம்பர், சனி

கேட்டுவிட்டேன்.

சமையலறையில் கிறிஸ்மஸுக்குக் கல்கலா பலகாரம் செய்துகொண்டிருந்தாள். மாவு உருண்டையை முள்கரண்டியின் முதுகில் வைத்துச் சுருட்டிச் சுருட்டித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். "நவம்பர்ல, அந்த வராந்தால என்கிட்ட என்ன கேட்ட?" என்றேன்.

முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். உதடு அசைந்தது. "இன்னாது?" என்றிருப்பாள்.

"எனக்குக் கேக்கல கேத்தரின். நான் சும்மா தலையாட்டினேன். இந்த மாசம் கேட்டதும் கேக்கல. அதுக்கும் சும்மாதான் ஆட்டினேன்."

சுருட்டுவதை நிறுத்தினாள். எழுந்து வந்தாள், என் பக்கத்தில் நின்று, எல்.கே.ஜி. குரலில், ஒவ்வொரு வார்த்தையாக, "எவ்ளோ நாளா?" என்றாள். அது கேட்டது.

"தெரியல. ஒரு வருஷம். மேலயும் இருக்கும்."

"அந்த ஒரு வருஷமா எதுக்கெல்லாம் தலையாட்டினீங்க?"

"எல்லாத்துக்கும்."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள். கத்திச் சொன்னாள், எதிர்வீட்டு மலர் ஜன்னலுக்கு வருகிற அளவுக்கு. "வீட்ல பேசினா பதில் இல்ல. உங்களுக்கு என் பேச்சே புடிக்கலன்னு நெனச்சேன். நான் இருந்தாலும் இல்லாட்டியும் உங்களுக்கு ஒண்ணுதான் போலன்னு நெனச்சேன். அதான் கேட்டேன், 'நான் தர்ஷினிகிட்டயே போயி இருந்துடட்டா? உங்களுக்கு வருத்தம் இல்லியே?'ன்னு. நீங்க சிரிச்சிக்கினே தலையாட்டினீங்க! சிரிச்சிக்கினே!"

"ரெண்டாந்தடவை?"

"'நெசமாவே போவட்டா'ன்னு கேட்டேன். அதுக்கும்."

என் முப்பத்தோரு வருஷப் பெண்டாட்டியை, கடற்கரையில், பல்லைக் காட்டிக்கொண்டு வழியனுப்பியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

"போகாத" என்றேன். "சத்தமா சொல்லுங்க, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க" என்றாள். அதையே சத்தமாகச் சொன்னதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? "போகாத!" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

உடனே கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. கோபம்தான் வந்தது. "ஒரு வருஷம் செவுத்துகிட்ட பேசவச்சிட்டு, இப்ப போகாதன்னா ஆச்சா?" மாவுக் கையோடு மலர் வீட்டுக்குப் போய்விட்டாள். மீதிக் கல்கலாவை நான் சுருட்டினேன். ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

23 டிசம்பர், திங்கள்

காது டாக்டர். கேத்தரின் தானே ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் காதருகில் காட்டினார். கேட்கவில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். மணிபோல் கேட்டது. "அதேதான்!" என்று துள்ளிவிட்டேன். என் கம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு தாளில் படம் போட்டு எழுதிக் காட்டினார். உள்காது நன்றாக இருக்கிறது. வெளியிலிருந்து சத்தம் உள்ளே போகிற வழியில் ஒரு சின்ன எலும்பு இறுகிவிட்டது. எலும்பு வழியாகப் போகிற சத்தத்துக்குத் தடையில்லை. காற்றில் வருகிற சத்தத்துக்குத்தான் கதவு மூடியிருக்கிறது. மெஷின் வைத்தால் கேட்கும், ஆபரேஷனும் செய்யலாம்.

நாற்பது வருஷம் எந்தக் கம்பியை நம்பினேனோ அதுதான் என்னை ஏமாற்றியிருக்கிறது. ஊரில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்று சத்தியம் பண்ணியிருப்பேனே!

கேத்தரின் எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக டாக்டரிடம் கேட்டாள். "இவங்க அப்பா செவுடு, அவரு தெருவே அதிர்ற மாதிரி கத்துவாரு. இவுரு பூனையாட்டம் பேசறாரு. எங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?" டாக்டர் சொன்ன பதிலை அவள் எனக்கு எழுதிக் காட்டினாள்: இந்த மாதிரிக் காதுக்குத் தன் குரல் மட்டும் உள்ளே பெரிதாகக் கேட்குமாம். அதனால் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திவிடுவார்களாம். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

7 ஜனவரி 2025, செவ்வாய்

மெஷின் வந்து மூன்றாம் நாள். உலகம் இவ்வளவு இரைச்சலா? பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் வீடு இடிகிறது. நான் மெல்லுகிற சத்தம் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. மின்விசிறிக்கு எண்ணெய் போட வேண்டும் என்று இத்தனை நாள் யாரும் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருப்பார்கள்.

கேத்தரின் குரலுக்கு வயதாகிவிட்டது. நடுவில் கொஞ்சம் உடைகிறது. நான் கேட்காத சமயத்தில் நடந்திருக்கிறது.

11 ஜனவரி, சனி

நாலாவது கச்சேரிக்குப் போகவில்லை. அவள் பெட்டி அடுக்குகிறாள். டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. காது வந்தும் கேட்கத் தைரியம் வரவில்லை.

14 ஜனவரி, செவ்வாய்

ரயிலேற்றிவிட்டு வந்தேன். "எப்ப திரும்பி வருவ?" என்று கடைசியில் கேட்டேவிட்டேன், ரயில் கிளம்புகிற நேரத்தில். "கொழந்த பொறக்கட்டும். எனக்கு இன்னும் ஒண்ணும் புரியல. இப்ப கேக்காதீங்க" என்றாள். அத்தனையும் தெளிவாகக் கேட்டது.

4 பிப்ரவரி, செவ்வாய்

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. போனில் அது அழுவதைக் கேட்டேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு, ரயிலில்

ஹாலுக்குத் தனியாகவே போனேன். பக்கத்து நாற்காலி காலி. நேற்று வயலின். தூணில் சாயவில்லை. மெஷினோடு கேட்டேன். ஏதோ தகர டப்பாவுக்குள் வாசிப்பதுபோல் இருந்தது. இருமல், நாற்காலி கிறீச், கடல், எல்லாம் ஒரே சத்தத்தில் மண்டையில் மோதியது. இதற்காகவா காதைத் திரும்ப வாங்கினேன்?

வெளியே வந்து கேத்தரினுக்குப் போன் போட்டேன். எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"நல்லா இல்ல. சும்மா சொல்லக் கூடாது, கண்றாவி."

சிரித்தாள். எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சிரிப்பு! "எனக்கும் அந்தப் பாட்டு ஒண்ணும் புரிஞ்சதில்லீங்க."

"அப்புறம் எதுக்கு என்னை ஒன்பது மணி நேரம் இழுத்துக்கினு வந்த?"

லைன் போய்விட்டதோ, மெஷின்தான் போய்விட்டதோ என்று பயந்தேன். பிறகு சொன்னாள். "அங்க யாருமே பேச மாட்டாங்க இல்ல? பக்கத்துல உக்காந்துக்கினு நீங்க ஒண்ணும் பேசலன்னாலும், அந்த ரெண்டு மணி நேரம் எனக்கு வருத்தமா இருக்காது. அதுக்குத்தான்."

நான் பதில் சொல்ல வேண்டிய இடம். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. பாறைமேல் உட்கார்ந்து அழுதேன், அது ஞாபகம் இருக்கிறது.

6 மார்ச், வியாழன்

காலையில் வந்து இறங்கினாள். பத்து நாளைக்கு. "கடைசி பாஸ் வீணாப் போவக்கூடாதில்ல" என்றாள். அதற்கு மேல் இல்லை. சின்னப் பெட்டிதான் கொண்டுவந்திருக்கிறாள். பெரியது புனேயிலேயே இருக்கிறது. இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

9 மார்ச், ஞாயிறு, ரயிலில்

ஆறாவது கச்சேரி, கடைசி. நேற்று பியானோ.

முதல் பாட்டு ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கேத்தரின் என் காது மெஷின் பக்கமாகச் சாய்ந்தாள். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றாள். குழந்தைக்குப் பேர் வைப்பதில் அங்கே நடந்த ரகளை. சம்பந்தியம்மாவுக்கு ஒரு பேர், தர்ஷினிக்கு ஒரு பேர், மாப்பிள்ளை வாயே திறக்கவில்லையாம். இரண்டாவது பாட்டுக்குள் அந்தச் சண்டை சமையலறைக்குப் போய்விட்டது. நான் "அப்புறம்?" என்றேன். "அப்ப தர்ஷினி என்ன சொன்னா?" என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்ததாம். ரயிலில் வரும்போது யாரோ பேசிக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவர் என் தோளைத் தட்டி, "உஷ்" என்றார். இந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு "உஷ்". கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கேத்தரின் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். அரை நிமிஷம் இருக்கும். மறுபடி சாய்ந்தாள்.

"எங்க வுட்டேன்?"

"சம்பந்தியம்மா பாலை அடுப்புல வச்சிட்டு உன்னைக் கூப்பிட்டாங்க," என்றேன். "அதுலேந்து சொல்லு."